அரசுக் கல்லூரி உதவி மையம்: விண்ணப்பத்துக்கு நாலரை ஸ்டார், கலந்தாய்வுக்கு இரண்டு ஸ்டார்

தருமபுரி மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் உதவி மையத்துக்குத் தங்கையைக் கூட்டிப் போனேன். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். அவளுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பி.காம். படிக்க ஆசை.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் கேட்டோம். காது கேளாதோருக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு உண்டு என்பதால், அவள் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டில் ஆங்கிலம் கிடையாது. அதைப் பார்த்ததும், "இங்கிலீஷ் மார்க் இல்லாம எடுக்க மாட்டாங்கண்ணே" என்று கையை விரித்துவிட்டார் கடைக்காரர்.

உதவி மையத்து மேடம் அலட்டிக்கொள்ளவே இல்லை. பி.காமுக்கு மொழிப்பாடம் கணக்கில் வராது, மற்ற நான்கு பாடங்களின் 400 மார்க்கில்தான் ரேங்க் என்றார். அதையும் என்னிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மற்ற இடங்களில் அவளை வைத்துக்கொண்டே "பாப்பா என்ன படிக்குது?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

மாற்றுத்திறனாளி என்ற இடத்தில் டிக் போட்டு, யூடிஐடி கார்டையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அவரே ஏற்றினார். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடுத்த உரிமை. விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2, ஆக 50 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு அந்த 2 ரூபாய் மட்டும். கார்டு எடுக்காதவர்கள் ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள். டாக்டர் சான்று வாங்கவே நாள் பிடிக்கும்.

மாற்றுத்திறனாளிகள் போன்ற சிறப்புப் பிரிவினரைப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே கூப்பிடுகிறார்கள். அன்றைக்குத்தான் கோளாறு. பெயரை மைக்கில் மட்டும் வாசிக்கிறார்கள், அதுவும் காது கேளாத பிள்ளைகள் வரும் நாளில்! நான் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் அவள் பெயர் வந்திருக்கிறது. பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பையன்தான் தோளைத் தட்டி உள்ளே கை காட்டியிருக்கிறான். ரேங்க் லிஸ்ட்டை ஒட்டியிருந்ததோ மாடியில். அவனுக்காக இவள் ஏறிப் போய்ப் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். ஒரு தாளில் பெயரை எழுதித் தூக்கிப் பிடிக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

பி.காம். கிடைத்துவிட்டது. அப்புறம் ஒன்று, ஜெராக்ஸை முந்தின நாளே ஊரில் எடுத்துவிடுங்கள். கல்லூரி வாசலில் பக்கத்துக்கு அஞ்சு ரூபாய் கேட்கிறார்கள்.