மக்ஷேன் வேத வாசிப்பு அட்டவணை: பத்து ரூபாய் அட்டை

எங்கள் சபை புத்தக மேசையில் வாங்கியது. பைபிள் வாசிக்க லேமினேட் செய்த அட்டை, நாளுக்கு நான்கு அதிகாரம். ஒரே வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடியும். ஜனவரி 1-ல் ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் என்ற நான்கு புத்தகங்கள், எல்லாமே முதல் அதிகாரம். நான்கு தொடக்கங்கள் ஒரே நாளில்.

இதைப் போட்டவர் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரப் போதகர் ராபர்ட் மரே மக்ஷேன். 1842 கடைசியில் தன் சபையாருக்காக எழுதினார். 1843 மார்ச்சில் டைபஸ் காய்ச்சலில் காலமானார். வயது 29. அதாவது, தான் போட்ட அட்டவணையின் முதல் வருஷத்தையே அவர் முடிக்கவில்லை! "ஆண்டவர் என்னை எதற்கு வைத்திருக்கிறார்?" என்று எழுபது வயதிலும் கேட்கிற எனக்கு அது உறைத்தது. அவருக்குப் பெரிய திட்டமெல்லாம் இல்லை. சபை ஜனங்கள் ஒழுங்காக வேதம் வாசிக்க வேண்டும் என்ற கவலை, அவ்வளவுதான். அதுவே இன்னும் ஓடுகிறது.

குறைகள்: எழுத்து ரொம்பப் பொடி, டியூப்லைட்டில் கூசுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான்கு அதிகாரம் கஷ்டம். காலையில் இரண்டு, குடும்ப ஜெபத்தில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம், அவரும் குடும்பத்தோடு இரண்டு, தனியாக இரண்டு என்றுதான் பிரித்திருந்தார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பெரிய எழுத்தில் கிடைத்தால் இன்னொன்று வாங்குவேன்.