சரவிளக்கா, ஒற்றை ஷேடா, நீள விளக்கா: சாப்பாட்டு மேசைக்கு எது சரி?

சாப்பாட்டு அறைக்கு விளக்கு வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அறையைத்தான் அளப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டி, வருகிற எண்ணை அங்குலமாக எடுத்துக்கொண்டால் அதுதான் விளக்கின் விட்டம் என்று ஒரு கணக்கு உண்டு. 14க்கு 12 அடி அறை. ஆக 26 அங்குலம். அதே அளவில் ஒரு சரவிளக்கு வாங்கி மாட்டினேன். மேசையின் அகலமோ வெறும் 36 அங்குலம். இருபுறமும் 5 அங்குலம்தான் மிச்சம். எழுந்திருக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டே எழுந்தார்கள்.

அந்தக் கணக்கு, கீழே எதுவும் இல்லாமல் அறை நடுவே தொங்கும் விளக்குக்குப் பொருந்தும். மேசைக்கு மேலே தொங்குகிறது என்றால் மேசையைத்தான் அளக்க வேண்டும். அதன் அகலத்தில் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் விட்டம் இருக்கட்டும். 36 அங்குல மேசைக்கு 18 முதல் 24 அங்குலம் வரை. 48 அங்குல வட்ட மேசைக்கு 24 முதல் 32 வரை.

வட்ட மேசை, சதுர மேசை இரண்டுக்கும் சரவிளக்கு நன்றாகவே அமையும். அதன் உண்மையான சிக்கல் அகலத்தைவிட உயரத்தில் இருக்கிறது. விளக்கின் அடிப்பாகம் மேசைப் பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குலம் மேலே நிற்க வேண்டும். மேசை சுமார் 30 அங்குல உயரம். கூரை 8 அடி, அதாவது 96 அங்குலம் என்றால் விளக்குக்கும் சங்கிலிக்கும் சேர்த்து 30 முதல் 36 அங்குலம்தான் கிடைக்கும். 28 அங்குல உயரச் சரவிளக்கை அங்கே மாட்டினால் சங்கிலிக்கு இடமே இருக்காது. கூரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். கூரை ஒவ்வொரு அடி கூடும்போதும் விளக்கை 3 அங்குலம் ஏற்றலாம் என்பதால், 10 அடிக் கூரை உள்ள வீட்டில் இந்தக் கவலை இல்லை.

அப்புறம் பல்ப். வெளிச்சத்தின் அளவை லூமனில் சொல்வார்கள். சரவிளக்கின் ஐந்து கைகளிலும் 800 லூமன் பல்பு போட்டால் மொத்தம் 4,000 லூமன். சாப்பிடும் இடத்துக்கு அது அதிகம், கண் கூசும். பழைய 40 வாட் குண்டு பல்புக்கு ஈடான 450 லூமன் எல்இடி போட்டால் மொத்தம் 2,250, அது தாராளம். கண்ணாடி வழியே இழை தெரிகிற பல்பு படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போதெல்லாம் அதுவும் கண்ணில் குத்தும். பால் வெள்ளை பல்பே மேல்.

நீளமான மேசைக்கு வட்ட விளக்கு போட்டால் நடுவில் வெளிச்சமும் இரு முனைகளில் மங்கலும்தான். அங்கே கம்பி போல நீண்ட விளக்கு ஜெயிக்கிறது. 72 அங்குல மேசைக்கு 48 அங்குல நீளம் போதும். ஆசைப்பட்டாலும் ஒவ்வொரு முனையிலும் 6 அங்குலமாவது விட்டுவிடுங்கள். ஒரு குறை சொல்லியாக வேண்டும்: மேசை கொஞ்சம் கோணலாக நகர்ந்தாலும் இந்த விளக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடிக்கடி மேசையை நகர்த்துகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

அதற்குப் பதிலாக 8 அங்குலச் சின்ன விளக்குகள் மூன்றை 24 அங்குல இடைவெளியில் வரிசையாகத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். மூன்று வயர்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். கூரையில் மூன்று துளை போடாமல், ஒரே தட்டிலிருந்து மூன்றும் இறங்குகிற மாதிரி வாங்கினால் பாதி வேலை மிச்சம்.

என் ஓட்டு ஒற்றை ஷேடுக்கு. ஆனால் எந்த ஷேடு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உலோகக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருப்பது வெளிச்சத்தைக் கீழே மட்டும் கொட்டும். மேசை பளிச்சென்று இருக்கும், கூரையும் சுவர்களும் இருட்டில் கிடக்கும். வேறொரு விளக்கும் இருந்தால்தான் அது சரிப்படும். முழுக் கண்ணாடி உருண்டை எல்லாப் பக்கமும் ஒளி தரும், கூடவே கண்ணையும் கூசவைக்கும். துணி உருளை நடுவாந்தரம்: மேலும் கீழும் ஒளி போகும், பக்கவாட்டில் மெதுவாகக் கசியும். இந்தக் கூச்சப் பிரச்சினையை டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958-லேயே அழகாகத் தீர்த்திருக்கிறார். அவர் வடிவமைத்த ‘பிஹெச் 5’ விளக்கில் அடுக்கடுக்கான தகடுகள் பல்பை மறைத்துவிடும். ஒளி தகடுகளில் பட்டுத்தான் வெளியே வரும். விட்டம் 50 சென்டிமீட்டர், ஏறத்தாழ 20 அங்குலம். எதை வாங்கினாலும், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது பல்பு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மேசைக்கு நேர் மேலே ஃபேன் இருந்தாலோ, மேசையைச் சுவரோரம் தள்ளிப் போடுகிறவராக இருந்தாலோ தொங்கும் விளக்கை மறந்துவிடலாம். கூரையோடு ஒட்டிய விளக்கு போதும். அதை ஃபேன் இறக்கைக்கு மேலே வைக்காதீர்கள், நிழல் சுழன்றுகொண்டே இருக்கும்.

எந்த வகையானாலும் 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல் ஒளி, நிறங்களை உள்ளபடி காட்டும் 90-க்கு மேற்பட்ட சிஆர்ஐ எண், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர். பழைய டிம்மரில் எல்இடி துடிக்கும், சில சமயம் ரீங்காரம்கூடப் போடும். எல்இடிக்கென்றே உள்ளதை வாங்குங்கள்.

இரண்டாவது முறை நான் கடைக்குப் போவதற்கு முன்னால் அட்டையில் 18, 20, 24 அங்குல வட்டங்களை வெட்டி, நூலில் கட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு நாள் மேசைக்கு மேலே தொங்கவிட்டேன். வீட்டில் கொஞ்சம் கேலி செய்தார்கள். 24 அங்குலம் கனமாகத் தெரிந்தது, 18 தொலைந்துபோனது. இப்போது 20 அங்குலத் துணி உருளை, மேசையிலிருந்து 32 அங்குல உயரத்தில் தொங்குகிறது. அந்த 26 அங்குலச் சரவிளக்கு மாடிப்படிக்கு மேலே இருக்கிறது. அங்கே அது யார் தலைக்கும் எட்டுவதில்லை.