வெள்ளவத்தைச் சனிக்கிழமைக் கூடல்: ஐந்து மாத அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், தையற்கடை ஒன்றின் மேல்மாடியில், சனிக்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கூடல் நடைபெறுகிறது. வகுப்போ பயிற்சிப் பட்டறையோ அல்ல. சம்பளத்துக்காக அன்றித் தம் விருப்பத்துக்காக ஏதோ ஒன்றைச் செய்பவர்கள் அதைக் கொண்டுவந்து, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, தத்தம் வேலையைத் தொடரும் இடம். நாளொன்றுக்கு 500 ரூபா. பிளேன் ரீயும் அதற்குள் அடக்கம்.

காலி வீதியில் மறைந்துவரும், தூரிகையால் எழுதப்பட்ட கடைப் பலகைகளின் எழுத்துகளைப் பார்த்து வரைந்து சேர்ப்பது என் வேலை. வீட்டில் மூன்று வருடங்களில் 11 பலகைகளையே முடித்த நான், இங்கே ஐந்து மாதங்களில் 26 முடித்துவிட்டேன். காரணம், வாசலில் கிடக்கும் ஒரு சீஆர் கொப்பி. அன்று செய்யப்போவதை இடப்பக்கத்திலும், புறப்படும்போது செய்து முடித்ததை வலப்பக்கத்திலும் எழுத வேண்டும். எவரும் கேள்வி கேட்பதில்லை. ஆயினும், “ழகரத்தின் வால்” என்று நான்கு கிழமைகள் எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்த எனக்கு, ஐந்தாம் கிழமை பேனையை எடுக்கவே கூசியது.

முதல் இரண்டு மணி நேரம் பேச்சில்லை. கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது யன்னல் அதிர்வதுதான் சத்தம். அதன் பின்னர் ஒவ்வொருவரும் தம் வேலையைக் காட்டுவார்கள். “நல்லாயிருக்கு” என்று சொல்லித் தப்ப முடியாது, எங்கே இடறுகிறது என்று கேட்பதே வழக்கம். தகப்பனாரின் கடிதங்களைத் தைத்து நூலாக்கும் ஓர் அம்மா, தைக்கும் நூலில் தேன்மெழுகைத் தேய்த்தால் சிக்கு விழாது என்று செய்துகாட்டியது இப்படித்தான்.

எனக்குள்ள மனக்குறை ஒன்றே, ஆனால் பெரியது. பழைய வால்வு வானொலிகளைத் திருத்தும் ஒருவரை, பற்றாசுப் புகை பிடிக்கவில்லை என்று ஏற்பாட்டாளர்கள் பல்கனிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் கிழமை அவர் வரவில்லை. இப்போது மேசையில் பெரும்பாலும் எழுதுவோரும் வரைவோருமே மிஞ்சியிருக்கிறோம். வெவ்வேறு வேலை செய்பவர்கள் ஒன்றாக இருப்பதே ஒரு கூடலுக்கு அழகு. 1943இல் இந்நகரில் உருவான '43 குழு என்ற ஓவியர் குழுவினர்கூட ஒரே பாணியில் வரைந்தவர்கள் அல்லர். பார்ன்ஸ் பிளேஸில் அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில், இன்றைய சபுமல் மன்றத்தில், அவர்களுடைய ஓவியங்களைப் பார்த்தாலே அது விளங்கும். புகைக்கு ஒரு மின்விசிறி போதும். அதை வாங்கச் சொல்லி இருமுறை கேட்டுவிட்டேன்.

மடிக்கணினியுடன் வருபவர்கள் இரண்டே முக்காலுக்கே வந்துவிடுவது நல்லது. மின்செருகி இரண்டுதான் உண்டு.