ஓர்சே அருங்காட்சியகம்: தரை இழைப்பவர்களைப் பார்க்கவே ஒரு முறை போகலாம்

பாரிஸில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஓர்சேவுக்குப் போங்கள். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். திங்கள் விடுமுறை. வியாழன் இரவு 9.45 வரை உண்டு, மாலை ஆறுக்கு மேல் டிக்கெட் விலையும் குறைவு, நான் அப்போதுதான் போனேன்.

உழைப்பாளிகளை வரைந்த படங்கள் என்றால் எனக்கு உயிர். பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் 'கல் உடைப்பவர்கள்' 1945இல் போரில் அழிந்துவிட்டது, அதை இனி யாருமே நேரில் பார்க்க முடியாது. அந்த ஏக்கத்தோடுதான் குஸ்தாவ் கய்போத் 1875இல் வரைந்த 'தரை இழைப்பவர்கள்' முன்னால் போய் நின்றேன்.

ஒரு மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். சட்டையில்லாத மூன்று பேர் மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டுகிறார்கள், சுற்றிலும் சுருள் சுருளாகச் சீவல். எதிரே இருக்கும் ஜன்னல் வெளிச்சம் முதுகிலும் தரையிலும் ஒரே மாதிரி பளபளக்கிறது. பழைய பூச்சு போன பட்டை வெளுப்பு, போகாத பட்டை கறுப்பு, அதனால் எவ்வளவு முடிந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று தரையைப் பார்த்தே கணக்குப் போடலாம், கையால் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். இரண்டு பேர் கை நிற்காமலே ஏதோ பேசிக்கொள்கிறார்கள். கய்போத் பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆனாலும் இவர்களைப் பரிதாபமாகக் காட்டவேண்டும் என்று ஒரு கோடுகூடப் போடவில்லை. இந்தப் படத்தைத்தான் அந்த வருடம் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள்! அடுத்த வருடம், கண்ணில் படும் வெளிச்சத்தை அப்படியே பிடிக்க முயன்ற புது ஓவியர்களான இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாவது கண்காட்சியில் வைத்தார்.

அப்புறம் மில்லேயின் 'கதிர் பொறுக்குபவர்கள்' (1857). முன்னால் குனிந்த மூன்று பெண்கள், தூரத்தில் மலைமலையாக வேறு யாருடைய விளைச்சலோ. அதையும் விடாதீர்கள். எந்தப் படமானாலும் வேறு ஊர்க் கண்காட்சிக்குப் போயிருக்கலாம், கிளம்புமுன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வருத்தம், அருங்காட்சியகத்துக்கு வெளியே வேறொரு கடையில் வாங்கிய 'தரை இழைப்பவர்கள்' அச்சுப் பிரதி. அறைக்கு வந்து விரித்தால் வலது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் ஒயின் பாட்டிலும் கோப்பையும் இருக்கின்றன. அந்த மூன்று பேருக்கும் அன்றைக்கு இருந்த இளைப்பாறலே அதுதானே, அதைப் போய் வெட்டலாமா? எங்கே வாங்கினாலும் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.