வெள்ளைத்தாளில் எழுத வேண்டிய மனுவுக்கு 65,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்: கோவையைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று மதியம் தபாலில் பதில் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) நாங்கள் கேட்டிருந்த கேள்விக்கு ஒரே வரிதான் பதில். கோவையின் புதிய மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று அரசு வகுக்கும் நகரத் திட்டம்) வரைவின் மீது, எங்கள் சர்வே நம்பரைக் குறிப்பிட்டு எந்த ஆட்சேபணை மனுவும் வரப்பெறவில்லை. நான் சத்தமாகப் படித்தேன். மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, ஒன்றும் பேசாமல் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் மன்னியுங்கள்.

65,000 ரூபாய். எங்களைப் போன்ற வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

தொண்டாமுத்தூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் 20 சென்ட் பூமி இருக்கிறது. தென்னை, கொஞ்சம் வாழை, மீதியில் சின்ன வெங்காயமும் தக்காளியும். பண்ணையம் பார்ப்பது வீட்டு ஆட்கள்தான், வெட்டுக்கும் களைக்கும் மட்டும் கூலிக்கு ஆள் வரும். காய்கறி ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போகும். நகரம் எங்களை நோக்கி வந்துகொண்டிருப்பது தெரியும். வடவள்ளி வரைக்கும் வீடுகள் வந்ததை மாமா கண்ணால் பார்த்தவர்.

கோவைக்கு 1994-ல் ஒப்புதலான மாஸ்டர் பிளான்தான் இத்தனை வருடமாக இருந்தது. 2024 பிப்ரவரியில் 2041 வரைக்குமான புதிய வரைவு வெளியானது. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் விவசாயம் பச்சை, குடியிருப்பு மஞ்சள். எங்கள் தோட்டத்தில் பாதி மஞ்சளில் இருக்கிறது, ஒரு ரோடு வேறு கிணற்றை ஒட்டி வருகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார்.

மஞ்சள் ஆனால் என்ன, பூமி விலை ஏறுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மஞ்சளானதும் நாளைக்கே யாரும் தோட்டத்தைப் பிடுங்கிவிட மாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் பச்சையில் இருக்கும் வரை ஒருத்தர் மனை போட வேண்டுமென்றால் முதலில் வகைமாற்றம், அதாவது விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் அனுமதி, வாங்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஐகோர்ட் போட்ட உத்தரவுக்கும், அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு, அனுமதியில்லாத புது மனைகளைப் பத்திரம் போடுவது பழைய மாதிரி முடியாது. அந்த ஒரு தடை இருப்பதால்தான் எங்களைச் சுற்றி இன்னும் தோட்டமாக இருக்கிறது. தடை போனால் பக்கத்துத் தோட்டம் மனையாகும், வாய்க்கால் மூடும், எங்கள் கிணற்றைச் சுற்றிப் பத்து போர்வெல் விழும், சாண நாற்றம் என்று புகார் வரும். அப்புறம் பங்காளிகளுக்கே விற்கிற யோசனை வந்துவிடும். பண்ணையம் செய்கிற குடும்பத்துக்கு இந்தச் சட்டம் ஒரு வேலி. அந்த வேலிக்காகத்தான் நாங்கள் ஆளைத் தேடிப் போனோம்.

வீடியோ பார்க்கும் ஒரு தளத்தில் ஒருவர் மாஸ்டர் பிளானைப் பற்றி அழகாக விளக்கியிருந்தார். கீழே போன் நம்பர். லே-அவுட் அனுமதி, பட்டா மாறுதல், வகைமாற்றம் எல்லாம் செய்து தருகிறோம் என்று போர்டு போட்டிருக்கும் கன்சல்டன்சி அது. பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை.

கூப்பிட்ட மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, கன்சல்டன்சிக்காரன் நேரில் வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மாமா காலைத் தொட்டுக் கும்பிட்டான். மோர் வாங்கிக் குடித்தான். பிளாஸ்டிக் குழாயிலிருந்து பெரிய வரைபடத்தை உருவிக் கயிற்றுக் கட்டிலில் விரித்தான். காற்றில் சுருண்டுகொண்டே இருந்தது. நான்கு மூலைக்கும் நான்கு தேங்காய் வைத்தேன். அவன் விரலை வைத்துத் தேய்த்து, "இதுதானுங்க ஐயா உங்க கெணறு" என்றான். மாமா ஐந்தாவது வரை படித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். தன் அப்பாரு வெட்டிய கிணற்றை அவர் காகிதத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

"எங்கப்பாவும் பண்ணையம்தானுங்க. வகைமாத்தம் பண்ணிக் குடுத்துக் காசு பாக்கறவங்க நூறு பேர் இருப்பாங்க. பச்சையை காப்பாத்திக் குடுக்கறவன் நான் ஒருத்தன்தானுங்க" என்றான்.

சட்டமும் சொன்னான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதில் 26-வது பிரிவுப்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும். இது உண்மை, பிறகு நானே படித்துப் பார்த்தேன். உண்மையை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் பொய்யைச் சேர்த்தான். விவசாயி தானே எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பதிவு பெற்ற திட்ட வல்லுநர் கையெழுத்தோடு, மண் பரிசோதனை, தனி வரைபடம் எல்லாம் சேர்த்துத் தாக்கல் செய்தால்தான் செல்லும் என்றான். வரைபடத்தில் ரோடு விழுந்த இடம் காலத்துக்கும் முடங்கிப் போகும் என்றும் பயமுறுத்தினான்.

அன்றைக்கே போனில் 25,000 அனுப்பினோம். பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) நகல் எல்லாம் கொடுத்தேன். மாமா நான்கு தாளில் கையெழுத்துப் போட்டார். அதில் இரண்டு வெற்றுத்தாள். "டைப் பண்ணி ஒட்டிக்கறோமுங்க அக்கா" என்றான். கேட்க வாய் வந்தது எனக்கு. மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் இரண்டாம் வாரம் மீதி 40,000. கிணற்று மோட்டார் காயில் சுற்ற, பைப் மாற்ற என்று எடுத்து வைத்திருந்த பணம் அது. ஏசி போட்ட ஆபீசில் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம் என்றான். ஆக மொத்தம் 65,000.

அதற்கப்புறம் ஆரம்பித்தது. முதல் வாரம் கேட்டால் "ஃபைல் ரெடியாயிட்டிருக்குங்க". அடுத்த வாரம் "வரைபடக்காரர் லீவுங்க". மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவித்திருந்தார்களா, அவனுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. "நடத்தை விதி வந்திருச்சுங்க, எந்த ஆபீஸ்லயும் மனு வாங்க மாட்டாங்க, ஏப்ரல் 19 ஓட்டு முடியட்டும்." நாங்களும் நம்பினோம். அந்த 60 நாள் அவகாசம் ஏப்ரலிலேயே முடிகிறது என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் தாக்கல் பண்ணியாச்சுங்க, அக்னாலட்ஜ்மென்ட் அனுப்பறேன்" என்றான். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மங்கலான கூரியர் சீட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் சேருமிடம் ஈரோடு. கோவைத் திட்டத்துக்கு ஈரோட்டுக்கு எதற்கு மனு? கேட்டதற்கு, தப்பான படத்தை அனுப்பிவிட்டேன், சரியானதை நாளைக்கு அனுப்புகிறேன் என்றான். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆபீசுக்குப் போனால் ரிசப்ஷன் பெண், சார் சென்னையில் இருக்கிறார் என்கிறாள். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் சென்னைதான். மூன்றாம் தடவை மாமாவை உட்காரச் சொல்லக்கூட இல்லை. எழுபத்திரண்டு வயது. வெயிலில் படியில் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் கடைசியில் நிலப் புரோக்கர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். "உங்க பூமி மஞ்சள்ல வருதாமா, ஏக்கர் என்ன வெலை சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து எங்கள் எஃப்எம்பி நகலை எடுத்தார். அதன் மூலையில் பென்சிலில் ஒரு போன் நம்பர் இருந்தது. என் கையெழுத்து, என் நம்பர். கன்சல்டன்சிக்கு நான் கொடுத்த அதே நகல்! யார் கொடுத்தார்கள் என்று கேட்டதும் ஆள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பச்சையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்கியவன், மஞ்சளாகட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

மறுநாள் நானும் வீட்டுக்காரரும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு நேராகவே போனோம். முதலிலேயே போயிருக்க வேண்டும். அங்கே மேசையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இதுக்குக் கட்டணமே கிடையாது. வெள்ளைத்தாள்ல பேரு, ஊரு, சர்வே நம்பர், என்ன ஆட்சேபணைன்னு எழுதிக் குடுத்தாப் போதும். யார் வேணும்னாலும் குடுக்கலாம்." தேர்தல் நேரத்திலும் மனு வாங்கினார்களாம். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 65,000 ரூபாய் கொடுத்த வேலைக்கு ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

ரோடு விஷயமும் அவன் சொன்ன மாதிரி இல்லை. அதே சட்டத்தில் 38-வது பிரிவு இருக்கிறது. ரோடு, பூங்கா என்று திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை, 26-வது பிரிவு அறிவிப்பு வந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் பேசியோ சட்டப்படியோ எடுக்க நடவடிக்கை இல்லை என்றால், அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். காலத்துக்கும் முடங்கும் என்பது எங்களை மிரட்டச் சொன்னது. இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் அழுகை வந்தது.

தாமதமானாலும் பரவாயில்லை என்று நாங்களே கைப்பட எழுதி, சந்தை அடையாள அட்டை நகலும் அடங்கலும் இணைத்துக் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகை வாங்கி வந்தோம். எடுத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் கையில். ஆனால் அவன் உண்மையிலேயே எதுவும் கொடுக்கவில்லையா என்று உறுதி செய்யப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டேன். அதற்கான பதில்தான் நேற்று வந்தது.

போலீசில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்கியாகிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. 25,000-க்கு மட்டும்தான் எங்களிடம் ஆதாரம், ரொக்கமாகக் கொடுத்த 40,000-க்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை என்று வக்கீல் கவலைப்படுகிறார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்று ஆரம்பித்தேன், மணி மூன்றாகிவிட்டது. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். உங்கள் ஊருக்கு வரைவு வந்தால் முதல் வாரமே போய் உங்கள் சர்வே நம்பர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று நேரில் பாருங்கள். மனுவை நீங்களே கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், முடிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் ஆளுக்கொன்று கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். எந்த நகல் கொடுத்தாலும் குறுக்கே கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். பக்கத்து நிலத்துக்கு வகைமாற்றம் கேட்டாலும் நாளிதழில் அறிவிப்பு வரும், அதையும் கவனியுங்கள், அதற்கும் ஆட்சேபணை கொடுக்கலாம்.

வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம் வேறு யாராவது இதே மாதிரி பிளாஸ்டிக் குழாயோடு வந்தவனிடம் பணம் கொடுத்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். புகாரில் சேர்த்துக்கொள்ளலாம். நாலு மணிக்குச் சந்தைக்கு வெங்காயம் ஏற்ற வேண்டும், மோட்டார் இன்னும் கடையிலேயே கிடக்கிறது.