சொந்த லினக்ஸ் இமேஜ் ஏற்றலாம் என்ற விளம்பரத்தை நம்புமுன்: ஓர் எச்சரிக்கை

ஏற்காட்டில் சில காபித் தோட்டங்களுக்கும் சேலம் செவ்வாய்பேட்டையில் சில கொலுசுப் பட்டறைகளுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருவது என் பிழைப்பு. சொந்தமாகத் தயாரித்த லினக்ஸ் இமேஜை, அதாவது இயங்குதளமும் மென்பொருளும் அடங்கிய முழு வட்டு நகலை, அவர்கள் வாடகைக்குத் தரும் சர்வரில் அப்படியே ஏற்றி இயக்கலாம் என்று விளம்பரம் செய்த ஒரு கிளவுட் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தி நான் ஏமாற்றப்பட்ட விதத்தை, அத்தகைய விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டவிருப்பவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் இமேஜ் அல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. நிரல்களுக்கான அடிப்படை நூலகமான மசலும், அன்றாடக் கட்டளைகளின் சிறு தொகுப்பான பிஸிபாக்ஸும் மட்டுமே அடித்தளமாக இருப்பதால் அது 512 எம்பி நினைவகத்திலும் தாராளமாக இயங்கும். தேவையற்ற நிரல்கள் இல்லாததால் அத்துமீறி நுழைவதற்கான வழிகளும் குறையும். அளவு சிறியது என்பதால், மலைமேல் இணைப்பு மெதுவாக இருக்கும்போதும் கோப்பை ஏற்றிவிட முடியும். மெய்நிகர் வட்டுக்கும் வலையமைப்புக்கும் வேண்டிய விர்ட்ஐஓ டிரைவர்களைத் துவக்கத்தின்போது முதலில் நினைவகத்தில் ஏறும் தொடக்க ராம் வட்டிலேயே சேர்த்து, துவக்கச் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலைத் திறந்து வைத்து, கடவுச்சொல் நுழைவை முற்றிலும் மூடி, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு கொண்டு மட்டுமே நுழையுமாறு செய்திருந்தேன். மெய்நிகர் கணினியை இயக்கும் க்யூஎமுவில், பழைய துவக்க முறையான பயாஸ், புதியதான யூஇஎஃப்ஐ ஆகிய இரு வழிகளிலும் அது சரியாகத் துவங்குவதைப் பார்த்த பிறகே, கோப்பு மாறியதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையைக் குறித்துக்கொண்டு ஏற்றினேன்.

சர்வர் துவங்கவில்லை. உங்கள் இமேஜ்தான் பழுது என்ற ஒரே வாக்கியம் ஒவ்வொரு புகாருக்கும் பதிலாக வந்தது. துவக்க நிரல் நிற்கிறதா, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் ஏறிய பின் வட்டு கிடைக்காமல் நிற்கிறதா என்பது சீரியல் கன்சோலின் வெளியீட்டைப் பார்த்தால் உடனே விளங்கிவிடும். அதைத் தருமாறு நான் எழுத்து மூலம் கேட்டும், அது உள்விவகாரம் என்று கூறி மறுத்துவிட்டார்கள். நோயாளிக்கே பரிசோதனை அறிக்கையைக் காட்ட மறுக்கும் இந்தப் போக்குதான் முதல் அபாய அறிகுறி.

பிறகு, சரிசெய்துவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. உள்ளே நுழைந்து என் மென்பொருளை இயக்கியபோது, கோப்பு கண்ணெதிரே இருந்தும் அப்படியொரு கோப்பு இல்லை என்ற பிழை வந்தது. மசலுக்காகத் தொகுத்த நிரலை வேறு அடிப்படை நூலகமான ஜிலிப்சி மட்டும் உள்ள கணினியில் இயக்கினால், அதற்கு வேண்டிய இணைப்பு நிரல் கிடைக்காமல் இப்படித்தான் சொல்லும். அதை வைத்துத் துருவிப் பார்த்ததில், அங்கே இயங்கியது அல்பைனே அல்ல என்பது உறுதியானது. என் இமேஜை அவர்களாகவே பிரித்து, மென்பொருள் கோப்புறையையும் என் சாவியையும் மட்டும் தங்கள் வழக்கமான டெபியன் என்ற வேறொரு லினக்ஸ் வகையின் வார்ப்புக்குள் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலாக, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் அனுமதிச் சாவிப் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு சாவி சேர்க்கப்பட்டிருந்தது. நான் மூடிய கடவுச்சொல் நுழைவு திறந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கணக்கு போகவிருந்த சர்வர் அது. இதைச் சேவைக் குறைபாடு என்று மென்மையாகச் சொல்ல என்னால் இயலாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சொந்த இமேஜ் வசதி எந்த உத்தரவாதமும் இன்றி, முயற்சி அளவிலேயே வழங்கப்படுகிறது என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல் எங்கும் இல்லை. சர்வரை நீக்கிய பின்னரும், நான் கேட்காமலே அவர்கள் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் எனும் வட்டு நகலுக்குத் தனிக் கட்டணம் வந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலால் நான் நடத்தும் பிழைப்புக்காகவே வாங்கியது என்று அதற்குப் பதில் சொல்லும் எண்ணத்துடன், சேலம் ஆணையத்தில் வழக்குத் தொடர ஆவணங்களைத் திரட்டி வருகிறேன்.

பணம் கட்டுமுன், சீரியல் கன்சோல் கிடைக்குமா, துவக்கம் பயாஸா யூஇஎஃப்ஐயா, இமேஜை அவர்கள் மாற்றுவார்களா ஆகிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதலில் ஒரு மாதக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள். ஏற்கெனவே இவ்வகைச் சேவையில் இருப்பவர்கள், எட்ஸி (/etc) கோப்புறையில், எந்த லினக்ஸ் இயங்குகிறது என்று காட்டும் ஓஎஸ்-ரிலீஸ் (os-release) கோப்பையும் ரூட் பயனரின் அனுமதிச் சாவிப் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் (authorized_keys) கோப்பையும் இன்றே திறந்து பாருங்கள். அறியாத சாவி இருந்தால், அதை நீக்குவதற்கு முன் படம் எடுத்து, கோப்பின் நகலையும் தனியே வைத்துக்கொண்டு, அந்தச் சர்வரில் இருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறு கணினியிலிருந்து மாற்றிவிடுங்கள்.