கடற்கரைப் பக்கத்து இரும்பு கேட்: ரெட் ஆக்சைடா, எபாக்ஸியா, பவுடர் கோட்டிங்கா?

எங்கள் வீடு பெசன்ட் நகரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கேட்டுக்கு பெயின்ட் அடித்து இரண்டாவது மழைக்காலத்திலேயே கீழ்ச்சட்டத்தில் கொப்புளம் வந்துவிட்டது. நகத்தால் நெம்பினேன். எனாமலும், அதன் அடியில் பூசிய ரெட் ஆக்சைடு பிரைமரும் சேர்ந்தே உரிந்தன. பின்பக்கம் முழுக்கத் துருப்பொடி. பிரைமர் பிடித்திருந்தது இரும்பை அல்ல, துருவை.

ரெட் ஆக்சைடு விலை குறைவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், டர்பன்டைன் கலந்து நாமே அடிக்கலாம். ஆனால் அது ஒரு போர்வைதான், துருவைத் தடுக்கும் மருந்து அதில் பெரிதாக இல்லை. ஈரமும் மெல்ல உள்ளே இறங்கும். மதுரை, திருச்சி மாதிரி கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அதுவே போதும். அதே முறையில் அடிப்பதானால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு படி மேல்.

எபாக்ஸி இரண்டு டப்பா சமாச்சாரம். பேஸும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட அளவுப்படி கலக்க வேண்டும். கலந்தது சில மணி நேரத்தில் இறுகிவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும், தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. வெயில் பட்டால் மேலே வெளுத்து மாவு பூக்கும் என்பதால் அதன்மேல் வெயிலைத் தாங்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் கட்டாயம். செலவு நிச்சயம் கூடும். உப்புக்காற்றுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பவுடர் கோட்டிங் என்பது பொடியாகத் தூவும் பூச்சு. அதை ஏறக்குறைய 180–200 டிகிரி அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். புது கேட் செய்யும்போது சரி. மாட்டியபின் ஓரிடத்தில் வெல்டிங் வைத்தாலோ கீறல் விழுந்தாலோ, அந்த வாய் வழியாகத் துரு படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும். அதே பூச்சை வீட்டிலேயே திரும்பப் போட வழியில்லை.

ஜிஐ குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் மட்டும் சாதாரண ரெட் ஆக்சைடு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகி, பெயின்ட் பாளம் பாளமாகக் கழன்று வரும். துத்தநாகத்தில் பிடிக்கும் எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. எங்கள் பெயின்டர் நேராக உப்புத்தாளை எடுத்தார். அப்படித் தேய்த்தால் இரும்பின் குழிகளில் கடலுப்பு அப்படியே தங்கிவிடும். கழுவிக் காயவைத்து, கம்பி பிரஷ், 80-ஆம் நம்பர் தாள், அப்புறம் தூசி துடைத்து அன்றைக்கே பிரைமர். சாயங்காலம் ஈரக்காற்று ஏறுமுன் முடிக்க வேண்டும். ஓரங்களிலும் வெல்டிங் மூட்டுகளிலும் பெயின்ட் மெலிந்து நிற்கும், அங்கெல்லாம் முதலில் பிரஷ்ஷால் ஒரு கை தனியாகக் கொடுக்க வேண்டும்.

இந்த முறை எபாக்ஸிதான் அடித்தோம். கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடிய அடியில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த ஓட்டைகளின் விளிம்புக்கும் பிரைமர் தொட்டு வைத்தேன்.